சுடப்படுபவனின் கூலி

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்தான்
என் கடைக்கு வியாபாரம்.
சரக்கு ரயிலின் நாற்பது பெட்டியும் கடக்கும்வரை
பைக்கை அணைத்துவிட்டு வருவார்கள்.
அக்கா, டேட்டா.
அக்கா, எண்பது ரூபாய்க்கு வைரம்.

வைரம் விற்கிறேன் நான்.
நூறு ரூபாய் வைரத்துக்கு எனக்கு இரண்டே முக்கால்.
கல் உதிர்ந்த மூக்குத்தியோடு
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து விற்கிறேன்.

முன்பு இங்கே எட்டு கம்ப்யூட்டர்கள்.
மணிக்கு இருபது ரூபாய்.
உள்ளே வந்துவிட்டால் எல்லார் கையிலும்
ஒரே துப்பாக்கி, ஒரே பச்சைச் சட்டை.
விரல் வேகமானவன் ஜெயித்தான்.
கடைசியில் கரண்ட் பில் ஜெயித்தது,
கடையைப் பாதியாக்கினேன்.

பிறகு ஆட்டம் இலவசமாக வந்தது.
நுழைய மட்டும்தான் காசில்லை.
சட்டைக்குக் காசு.
ஜெயித்தபின் போடும் குத்தாட்டத்துக்குக் காசு.
மாதம் பிறந்தால் சந்தா,
சீசன் முடிந்தால் இன்னொரு சந்தா.
அப்புறம் அந்தப் பெட்டி.
திறந்தால் தங்கத் துப்பாக்கி இருக்கலாம்,
வெறும் தொப்பியும் இருக்கலாம்.

"லாட்டரிய தட பண்ணாங்களே,
இது அதோட மச்சானாக்கா?" என்றாள் ஜமுனா.
நான் பதில் சொல்லவில்லை.
பெட்டிக்கும் எனக்குக் கமிஷன் உண்டு.

இஸ்ரவேல் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான்.
விடியற்காலை மூன்றுக்கு எழுபவன்
இரவு பதினொன்றுக்கும் சுட்டுக்கொண்டிருப்பான்.
தங்கத் துப்பாக்கி வரும்வரை
நாற்பத்து மூன்று பெட்டி திறந்தான்,
பதினோராயிரத்துச் சொச்சம்.
எல்லாம் ஈர நோட்டு.
கல்லாவில் வைத்தால் மற்ற நோட்டுக்கும்
மீன் வாடை ஒட்டிக்கொண்டது.

தேசிங்கு ஒரு பைசா கட்டியதில்லை.
நாலு வருஷமாய் அதே பச்சைச் சட்டை.
கேட் மூடியிருந்த ஒரு சாயங்காலம்
டேங்கர் லாரிப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்:

"துட்டு கட்னவன் யாரக்கா சுடுவான்?
என்னத்தான்.
என்ன மாரி லட்சம் பேர் சும்மா நின்னாத்தான்
அவன் துப்பாக்கி மினுக்கும்.
கம்பெனிக்காரன் எனக்குக் கூலி தரணும்,
தெனம் எட்டு வாட்டி சாவறேன்."

சிரித்தோம். கேட் திறந்தது.
அன்றிரவு கணக்கு எழுதும்போது
நோட்டில் அவன் பெயர் போட்டு
'வரவேண்டியது' என்று எழுதினேன்.
எவ்வளவு என்று தெரியவில்லை.

ஆடி மாதம் அறிவிப்பு வந்தது.
முப்பத்தொன்றாம் தேதி இரவோடு சர்வர் நிற்கும்,
இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி.

இஸ்ரவேல் வண்ணாரப்பேட்டை அடகுக்கடைக்குப் போனான்.
திரையைத் திருப்பித் துப்பாக்கியைக் காட்டினான்.
சுழற்றிக் காட்டினான்.
வெயில் பட்டால் மின்னுவதைக் காட்டினான்.
கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார்.
"துப்பாக்கி வேணாம்பா.
போனை வை, ஆயிரத்தைந்நூறு."
முப்பத்தொன்னு முடியட்டும் என்று வந்துவிட்டான்.

கடைசி ராத்திரி என் கடை வாசலில்தான் ஆடினார்கள்.
பாதி ஷட்டர் இறக்கியிருந்தேன்.
ஆட்டத்துக்குள் யாரும் யாரையும் சுடவில்லை.
கட்டியவர், கட்டாதவர் எல்லாரும்
சும்மா குதித்துக்கொண்டிருந்தார்கள்.
தேசிங்கு மட்டும் பின்னால் போய்
இஸ்ரவேலை ஒரே தோட்டாவில் சாய்த்தான்.
கீழே விழுந்த தங்கத்தை எடுத்தான்.
பதினோரு நிமிஷம் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான்,
திரை கறுக்கும்வரை.

இஸ்ரவேல் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஏஜென்ட் கஜபதி புதுக் கார்டுகள் கொண்டுவந்தார்.
அடுத்த ஆட்டத்தில் பெட்டி கிடையாதாம்.
முப்பது வினாடி சமையல் எண்ணெய் விளம்பரம் பார்த்தால்
பத்துத் தோட்டா.
பார்க்கப் பொறுமையில்லாதவன்
மாதம் நூற்றிருபது கட்டலாம்.
"எத்தன நாள் ஓடும்?" என்றேன்.
"ஓடற வரைக்கும்மா."

இப்போது கேட் மூடியிருக்கிறது.
இஸ்ரவேல் கடை வாசலில், தேசிங்கு பைக்கில்.
நடுவில் ஜமுனாவின் போனில்
புது ஆட்டம் இறங்குகிறது,
அறுபத்தெட்டு சதவீதம்,
என் வைஃபையில்.